அருங்காட்சியகத்தில் ஒரு வாட்ஸ்அப் வதந்தி

பழைய பொருள் சேகரிக்கிற உத்தியோகத்தில் ஒரே ஒரு சௌகரியம், பொருளின் சொந்தக்காரர் வந்து சண்டை போட மாட்டார். அவர் போய்ச் சேர்ந்து பல நூறு வருஷம் ஆகியிருக்கும். இணையம் காஞ்சிபுரத்து மக்களை என்ன பாடு படுத்துகிறது என்று ஆராய்ந்து சேமிக்கும் வேலை எங்கள் சின்ன அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்ததும், அந்தச் சௌகரியமும் போயிற்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

எடை எவ்வளவு?

முதல் சேகரிப்பே ஒரு நிமிஷ வீடியோ. கஸ்தூரி என்கிற நெசவுக்காரம்மாவின் சேலையை ஒருவர் புரட்டிப் புரட்டிக் காட்டி, "இது கைத்தறியே இல்ல, விசைத்தறி" என்கிறார். ஊரே அதை ஃபார்வர்ட் செய்தது. அந்தம்மாவிடம் சேலை வாங்குவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சமூகத் தாக்கத்துக்கு இதைவிடப் பிரமாதமான சான்று கிடைக்காது என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதிவேட்டிலோ நீளம், அகலம், எடை என்று கட்டங்கள். வீடியோவுக்கு எடை கிடையாதே என்று மேலதிகாரியிடம் போய் நின்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: "எடை இல்லாம எதையும் உள்ள எடுத்ததே இல்லப்பா. போனை எடை போட்டு எழுதிடு."

தப்பான ஆபீஸ்

எங்களை 'இன்டர்நெட் ஆபீஸ்' என்று யாரோ சொல்லிவிட, ஒரு நாள் கஸ்தூரியம்மாவே வந்துவிட்டார். அவரை நெசவாளர் சங்கத்திலிருந்து நீக்க அடுத்த வாரம் கூட்டமாம். நீக்கினால் தறிக்குப் பட்டும் வராது, ஜரிகையும் வராது. அதற்குள் வீடியோவை அழித்துத் தர வேண்டும் என்றார். நாங்கள் எதையும் அழிப்பதில்லை, காலத்துக்கும் பாதுகாப்போம், மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறோம் என்று பெருமையாக விளக்கினேன். கிடைத்த பதில்: "ஊர்ல எல்லாரும் பாத்துட்டு மறந்துடுவாங்க சார். நீங்க மட்டும் எம்மானத்த மூணு பீரோல வெச்சிப் பூட்டிக்கினு இருக்கீங்க."

ஆய்வாளர் நுழைந்தார்

வீடியோ முதலில் வந்தது நெசவுக்காரர்களின் குழு ஒன்றில். அதன் அட்மின், ஜரிகை வியாபாரி அன்வர் பாய், கேட்டதும் என்னைச் சேர்த்துக்கொண்டார். 'ஆய்வுக்காக வந்திருக்கிறேன், வழக்கம்போல் பேசுங்கள்' என்று பணிவாக ஒரு செய்தி போட்டேன். வீடியோ போட்டவர் முதலில் வெளியேறினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும். சாயங்காலம் குழுவில் மிஞ்சியது நானும் அட்மினும்தான். பாய் எனக்கு ஆறுதல் சொன்னார்: "மரியாதையா பேசணும்னா நேர்லயே பேசிக்கலாமே சார். அதுக்கு எதுக்கு குரூப்பு?"

பெரிய திரை

நான் கிளப்பிய பயத்தில் எல்லோரும் போனிலிருந்து வீடியோவை அழித்துவிட்டார்கள். கூட்டத்தில் போட்டுக் காட்ட ஒருவரிடமும் இல்லை. சங்கச் செயலாளர் நிர்வாகிகளையும் கஸ்தூரியம்மாவையும் அழைத்துக்கொண்டு எங்களிடமே வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் காட்டும் பெரிய திரையில் போட்டேன்.

பாதியில் செயலாளர், "நிறுத்துங்க" என்றார். சேலையின் பின்பக்கம் திரை முழுக்க நின்றது. உடலையும் கரையையும் கையால் கோத்த கோர்வை இழைகள் அதில் வரிசையாகத் தெரிந்தன. விசைத்தறியில் அது வராது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தம்மாவையும் என்னையும் தவிர, அந்த வீடியோவை அனுப்பாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. நீக்கும் பேச்சு அங்கேயே முடிந்தது.

"போன்ல சின்னதா தெரிஞ்சிதும்மா" என்று இழுத்தார் செயலாளர்.

கஸ்தூரியம்மா எழுந்து நின்றார். "எம்பேரு மட்டும் பெருசா தெரிஞ்சிதா?"

இணையத்தின் சமூகத் தாக்கம் பற்றிய என் அறிக்கையின் சுருக்கம்: பட்டு நெய்கிற ஊரில் ஒரு சேலையைப் பார்க்காமலே அனுப்பியவர்கள் ஏராளம், பார்க்காமலே பத்திரப்படுத்தியவன் ஒருவன்.