எண் மட்டும் மிச்சமிருந்த ஸ்குவாட்ரன்

திற்பரப்பிலிருந்து அவள் போன் செய்தபோது நான் அஞ்சுகிராமம் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் நண்பனின் மனைவி. அவனும் நானும் விமானப்படையில் ஒரே போர் விமான ஸ்குவாட்ரனில் இளமையைக் கழித்தவர்கள். நான் எஞ்சின் ஃபிட்டர். அவன் விமானத்துக்குத் தரையில் வழிகாட்டுகிறவன். தரையிறங்கி வரும் விமானத்தின் எதிரே நின்று, கையிலுள்ள இரண்டு மட்டைகளை ஆட்டி, அதை அதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவான்.

"அண்ணே, ஒரு நாளு இஞ்ச வந்துட்டுப் போணும்" என்றாள்.

"ஏன், அவனுக்கு சொகமில்லியா?"

"தேகத்துக்கு ஒண்ணுமில்ல. மத்தியானம் உச்ச திரும்புனா மட்டைய எடுத்துக்கிட்டு ரப்பர் தோட்டத்துக்குள்ள போறாரு. அங்க நின்னு கைய ஆட்டுகாரு. போதகர் வந்து ஜெபம் பண்ணிட்டும் போயாச்சு. எனக்குப் பயமா, பேடியா இருக்கு அண்ணே."

"தனியா நின்னா ஆட்டுகான்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அதத்தான் நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் காலையில் கிளம்பினேன். கோட்டாற்றில் இறங்கி அவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு குலசேகரம் பஸ்ஸைப் பிடித்தேன். வழி முழுக்க எனக்கு அந்த ஸ்குவாட்ரன் நினைப்பாகவே இருந்தது.

நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே போர் பார்த்த ஸ்குவாட்ரன் அது. என் காலத்தில் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டிருந்தது. முன்வரிசை ஸ்குவாட்ரன்களுக்குப் புது விமானங்கள் வந்தால், அவர்கள் ஓட்டிப் பழசாக்கியவை எங்களிடம் வரும். பயிற்சி முடித்த இளம் பைலட்டுகள் போர் விமானத்தைக் கைப்பழக்கப்படுத்திக்கொள்வது எங்களிடம்தான். போர் மூண்டால் முன்வரிசைக்காரர்கள் எல்லைக்குப் போவார்கள். அவர்கள் விட்டுப்போகும் தளங்களை நாங்கள் காக்கவேண்டும், அவர்களில் இழப்பு நேர்ந்தால் அந்த இடத்துக்கும் நாங்கள் போகவேண்டும். மற்றவர்கள் எங்களை ஸ்டெப்னி என்று கேலி செய்வார்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தினமும் பார்க்கிற ஆட்கள் நாங்கள்.

கடைசியில் அந்தப் பழைய விமானங்களின் ஆயுளும் முடிந்தது. பதிலுக்கு வேறு விமானங்கள் வரவில்லை. ஆனால் ஒரு ஸ்குவாட்ரனை அப்படிச் சுலபமாகக் கலைத்துவிட மாட்டார்கள். விமானங்களைக் கொண்டுபோவார்கள், ஆட்களை ஆளுக்கொரு திசைக்கு மாற்றுவார்கள். எண்ணை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வார்கள். கொடியும் கேடயங்களும் ஓர் அறையில் பூட்டப்படும். என்றாவது புது விமானங்கள் வந்தால் அந்த எண்ணுக்குத் திரும்பவும் உயிர் கொடுப்பார்கள். அதுவரைக்கும் அந்த ஸ்குவாட்ரன் சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

பூட்டுவதற்கு முந்தைய கோடையில், பாலைவனத்தை ஒட்டிய அந்தத் தளத்தில், விமானக் கொட்டகையான காலி ஹேங்கருக்குக் காவலாக எங்களில் சிலரை விட்டுவைத்தார்கள். அவனும் நானும் அதில் இருந்தோம். வெயில் ஏற ஏற ஹேங்கரின் சிமென்ட் தரை வியர்க்கும். பல வருடங்களாகத் தரை குடித்த எண்ணெய் மேலே கசிந்து வரும். விமானங்கள் நின்ற இடங்களில் மட்டும், எஞ்சினுக்கு நேர் கீழே, கறுப்பாக ஈரம் படரும். மரத்தூள் போட்டுத் துடைப்போம். மறுநாள் உச்சிக்கு மறுபடியும் வரும். இதெல்லாம் சிமென்டின் குணம் என்று எங்களுக்குத் தெரியும். நாலாவது இடம் மட்டும்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே பழைய தரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார்கள். போட்ட பிறகு அங்கே எந்த விமானமும் நின்றதில்லை. அதுவும் வியர்த்தது.

நாலாவது இடத்து விமானம் திரும்பி வராத விமானம். நாங்கள் பயிற்சிக்காக ஒரு கடலோரத் தளத்துக்குப் போயிருந்தபோது நடந்தது. ஓட்டிப்போன பைலட்டுக்கு அப்போதுதான் மீசை கறுத்துக்கொண்டிருந்தது. எங்களிடம் அதட்டிப் பேசத் தெரியாத பையன். என் நண்பன்தான் மட்டை ஆட்டி அவரை வெளியே அனுப்பினான். கடலின் மேல் திடீரென்று மேகம் மூடியது. ரேடியோவில் குரல் நின்றது. அவரிடம் இருந்த எரிபொருள் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் கடந்த பிறகும் அவன் மட்டைகளோடு வெளியிலேயே நின்றான். இருட்டிய பிறகு நாங்கள் இரண்டுபேர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தோம். கடலில் வெகுநாள் தேடினார்கள். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. விசாரணையில் விமானத்தில் கோளாறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, வானிலைதான் காரணம் என்று முடித்தார்கள்.

திற்பரப்பில் அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "ஏலே மக்கா, வந்தியா? நீ வருவேன்னு அவ சொல்லல்ல கேட்டியா" என்று தோளைக் கட்டிக்கொண்டான். கண்ணில் கலக்கம் எதுவும் இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துச் சாப்பிட்டோம். ரப்பர் விலையைத் திட்டினான், அருவிக்கு வருகிறவர்கள் ரோட்டோரம் போட்டுவிட்டுப் போகும் குப்பையைத் திட்டினான். எல்லாம் சரியாகத்தான் பேசினான். சாப்பிட்டுக் கை கழுவியதும் கதவுக்குப் பின்னாலிருந்து மட்டைகளை எடுத்தான். பலகையில் அவனே வெட்டிச் செய்து, ஆரஞ்சு பெயிண்ட் அடித்தவை.

"வாறியா?" என்றான், டீ குடிக்கக் கூப்பிடுவது போல.

அது ரப்பர் இலை உதிர்கிற மாசம். தோட்டம் முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. ஆனால் இரண்டு மரவரிசைகளுக்கு நடுவில், ஒரு நீளமான பட்டையில் மட்டும் ஒரு சருகு கிடையாது. செம்மண் துலக்கமாகத் தெரிந்தது. சருகெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வரப்பு போலக் குவிந்திருந்தது.

"சருகத் தூத்துனியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குத் தூத்தணும்? தானா ஒதுங்கும்" என்றான்.

பட்டையின் கடைசியில் போய் நின்றான். இரண்டு கைகளையும் உயர்த்தினான். நான் ஒரு மரத்தின் பக்கம் ஒதுங்கி நின்றேன். பழைய வழக்கப்படி, விமானத்தின் வழியிலிருந்து தள்ளித்தான் நின்றேன். அதை யோசித்துச் செய்யவில்லை. அவன் மட்டைகளை முன்னும் பின்னும் அசைத்து அழைத்தான். இடது மட்டையைத் தாழ்த்தித் திருப்பம் காட்டினான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணாந்தது. காக்பிட் இருக்கும் உயரம் எனக்குத் தெரியும். அந்த உயரத்தில் வந்து அவன் பார்வை நின்றது. மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்து நிறுத்தினான். பிறகு கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தான். எஞ்சினை அணை என்பதற்கான சைகை அது.

அதன் பிறகுதான் அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

ஜெட் எஞ்சினை அணைத்ததும் அது உடனே நிற்காது. உள்ளே சுழல்வது மெல்ல மெல்ல ஓயும். அந்த ஓய்வின் சத்தம் மெலிந்த விசில் போல இருக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்பது என் வேலையாக இருந்தது. ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு மாதிரி ஓயும். நாலாவது இடத்து விமானத்தின் எஞ்சின் நிற்கப்போகும் சமயத்தில் கொலுசு உரசுவதுபோல ஒரு சிணுங்கல் சிணுங்கும். பழுதல்ல, அதன் குரலே அப்படி. ரப்பர் மரங்களுக்கு நடுவில், பட்டப்பகலில், அந்த விசிலும் கடைசியில் அந்தச் சிணுங்கலும் என் காதில் விழுந்தன. அங்கே மண்ணும் மரமும் தவிர எதுவும் இல்லை.

அவன் அண்ணாந்தபடியே வெகுநேரம் நின்றான். பிறகு மட்டைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இண்ணைக்கும் எறங்கல்ல" என்றான்.

"யாரு?"

"யாருன்னு ஒனக்குத் தெரியாதா? சாரு கண்ணாடி மூடியத் தெறக்கவே மாட்டேங்காரு மக்கா. என்னையே பாத்துட்டு இருப்பாரு. பின்ன போயிருவாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. எறங்கி எங்க போவாரு? ரிப்போர்ட் பண்ண ஸ்குவாட்ரன் வேணும்லா. இது எனக்க தோட்டம்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுப் பின்வாசலில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவன் கை கால் கழுவப் போனதும் தணிந்த குரலில், "ஓஞ்சுதா அண்ணே?" என்று கேட்டாள்.

"எது?"

"அந்த விசிலுச் சத்தம். அது ஓஞ்ச பொறவுதான் அவரு வருவாரு. பக்கத்துத் தோட்டத்துல ரப்பர் ஷீட் அடிக்க மெஷினுன்னு மொதல்ல நெனச்சேன். அந்தக் கொட்டக பூட்டிக் கெடக்கு. வெல போன பொறவு அவங்க ஷீட்டே அடிக்கல்ல."

அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம் கூடியதா குறைந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "டாக்டரிட்ட கொண்டுபோலாமா?" என்றாள். "யாரயெல்லாம் கொண்டுபோக?" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வருடத்து மழை முடிந்த சமயத்தில் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் எண்ணுக்குத் திரும்பவும் உயிர் கொடுக்கப் போகிறார்கள். புது விமானங்கள், புது ஆட்கள், மலைக்கு அப்பால் வேறொரு தளம். பழைய ஆட்கள் விழாவுக்கு வரலாம். நான் அவனுக்குப் போன் செய்து சொன்னேன். எந்தத் தளம், என்றைக்கு என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "டிக்கெட் எடு" என்றான்.

நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். தளத்தின் வாசலில் பையைச் சோதித்தவர்கள் மட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "செரி, கை இருக்குல்லா" என்றான்.

விழா மரியாதையாக நடந்தது. பூட்டிவைத்திருந்த கொடியைக் கொண்டுவந்தார்கள். புது விமானங்களின் வாலில் எங்கள் எண் எழுதியிருந்தது. விமானங்கள் வரிசையாக நின்றன. வரிசையில் மூன்றாவது விமானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாலாவது இடம் காலியாக இருந்தது.

பக்கத்தில் நின்ற இளம் ஏர்மேனிடம் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன்.

"விமானம் வந்த நாள்லேர்ந்தே அங்க நிறுத்துனா ஏதாவது ஒண்ணு ஆயிருதுங்க சார். ஒரு நாளைக்கு டயர்ல காத்து எறங்கியிருக்கும், ஒரு நாளைக்கு லைட் எரியாது. பெருசா ஒண்ணுமில்லைங்க. அதான் சும்மா விட்டுட்டோம்."

"முன்னால இந்த ஸ்குவாட்ரன்ல அப்படி ஒரு எடம் இருந்ததா யாராவது சொன்னாங்களா?"

"இல்லைங்களே" என்று என்னை விநோதமாகப் பார்த்தான்.

பேச்சுகள் முடிந்து எல்லோரும் பந்தலுக்கு டீ குடிக்கப் போனார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நண்பன் இல்லை. அந்தக் காலி இடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் விரைந்து போனேன். அதற்குள் வெறும் கைகளை உயர்த்திவிட்டான். அழைத்தான், திருப்பினான், நிறுத்தினான், கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தான். என் காதில் அந்த விசில் விழுந்தது. மெலிந்துகொண்டே போய், சிணுங்கி, நின்றது. என்னோடு ஓடிவந்த அந்த ஏர்மேன் வானத்தைப் பார்த்தான், ரன்வேயைப் பார்த்தான். "என்னங்க சார், இப்ப எதும் லேண்டிங் இல்லையே?" என்றான்.

நண்பனின் பார்வை மேலே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது, ஒருவர் ஏணியில் இறங்கி வருவதைப் பார்க்கிறவன் பார்ப்பதுபோல. தன் உயரத்துக்குப் பார்வை வந்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். கையைத் தாழ்த்த வெகுநேரம் ஆனது. அப்புறம் தலையை மட்டும் திருப்பி, யாரோ தன்னைக் கடந்து பந்தல் பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்கிட்டாரு" என்றான். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "சின்னப் பையனாட்டுதான் இருக்காரு மக்கா. ஒரு நாளு வயசு கூடல்ல."

அதன் பிறகு அவன் தோட்டத்துக்குள் மட்டையோடு போகவில்லை. மறந்துவிட்டான் என்று இல்லை. முடிந்த வேலையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அதைப் பற்றிப் பேசுவான். பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தான். ஊடுபயிராக அன்னாசி போட்டான். அவன் மனைவி முகத்தில் பழைய களை திரும்பியது.

போன பலாச்சக்கைக் காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தோட்டத்துச் சக்கையை வெட்டிச் சுளை எடுத்துத் தந்தான். நிறையத் தின்றோம். மதியம் அவன் உள்ளே கட்டிலில் படுத்ததும் குறட்டை விட ஆரம்பித்தான். நானும் அவளும் பின்வாசல் படியில் இருந்தோம். அவள் முறத்தில் சக்கைக்கொட்டையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். என்னவோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். அந்த மெலிந்த விசில் என் காதிலும் விழுந்தது. அவள் கையும் அசையவில்லை. புதுக் கன்றுகளின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், இரண்டுபேரும் அப்படியே இருந்தோம். அருவிப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்து ஓட்டின் மேல் விழத் தொடங்கியதும், அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.