பெல்ட் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம்

அந்த யோசனை வந்தபோது என் உள்ளங்கை சிவப்பு பட்டனின் மேல் இருந்தது. எமர்ஜென்சி ஸ்டாப். அழுத்திய கையை எடுக்கவே தோன்றவில்லை. எங்கள் செங்கல் ஆலையின் கன்வேயர் பெல்ட் நின்றுவிட்டது. பெல்ட் வேலை பார்க்கும் அஞ்சலை அக்காவின் முந்தானை மட்டும் டிரம் உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு முழம் உள்ளே போயிருந்தது. அவர் இரண்டு கையாலும் இரும்புச் சட்டத்தைப் பிடித்து, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றார்.

"புடிச்சிகினு நிக்காதக்கா, அறுத்து வுடு!" என்று யாரோ கத்தினார்கள்.

"அறுக்கறதா? தீவாளிக்கு எடுத்ததுடி!" என்றார் அக்கா. உயிர் தப்பி மூச்சுகூட முழுதாக விடவில்லை.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். எங்கள் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் அப்படித்தான் போவார்கள். அந்தச் சட்டையைப் பார்த்தபோதுதான் பளிச்சென்று பட்டது: பாதி யூனிஃபார்ம் ஏற்கெனவே இருக்கிறது, மீதிப் பாதியைத் தைத்துவிட்டால் என்ன?

சேலைக்குத் தடை

நான் ஜெனிஃபர். டிப்ளமோ மெக்கானிக்கல். வடக்குத்து கிராமத்துப் பக்கம் ஒரு சிறிய சாம்பல் செங்கல் ஆலையில் பிளான்ட் சூப்பர்வைசர். அனல் மின் நிலையத்துச் சாம்பலை மிக்சரில் கலந்து, பெல்ட்டில் ஏற்றி, பிரஸ்ஸில் அடித்துக் கல்லாக்குவோம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை, அதற்குள் அனுபவக் குறிப்பா என்று கேட்காதீர்கள். பாலிடெக்னிக்கில் இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது சூடாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்.

முந்தானை விஷயம் முதலாளி ஞானசேகர் சாருக்குப் போனது. வெள்ளை வேட்டி சட்டையில் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இனிமே சேலையோட ஒருத்தியும் மெஷின் பக்கம் வரக் கூடாது. பொம்பளைங்க எல்லாம் கல்லு அடுக்கப் போவட்டும்."

"சார், பெல்ட் வேல எங்களுது" என்றார் அஞ்சலை அக்கா.

"உசுரும் உன்னுதுதானம்மா?"

அக்காவின் முகம் சிறுத்துவிட்டது. கல் அடுக்குகிற வேலைக்குக் கூலி குறைவு என்பது ஒன்று. மிக்சர், பெல்ட் இரண்டையும் பழகி, 'மெஷின் செட்டு' என்று பெயர் வாங்கியவர்கள் அக்காவும் அவர் கூட்டாளிகளும். அந்தப் பெயர் போவதுதான் பெரிய அடி.

நான் குறுக்கே விழுந்தேன். "சார், ஒரு வாரம் குடுங்க. பெல்ட்டுல மாட்டாத மாதிரி டிரஸ் தெச்சிக் காட்டறேன்."

"நீ இஞ்சினியரா, டெய்லரா?"

"ரெண்டும் அளவெடுக்கற வேலதான் சார்."

சிரித்துவிட்டார். ஒரு வாரம் கிடைத்தது.

முதல் சாம்பிள்

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா அதே அனல் மின் நிலையத்தில் பெர்மனென்ட். எங்கள் தெருவில் யார் எந்த ஷிப்ட் என்பதைக் கொடியில் காயும் யூனிஃபார்மைப் பார்த்தே சொல்லிவிடுவோம். அதனால் சீருடை என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மெக்கானிக்குகள் போடுகிற பாய்லர் சூட்டைத் தேர்ந்தெடுத்தேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி. தொங்க முந்தானை இல்லை, பறக்கத் துப்பட்டா இல்லை, பெல்ட் பிடித்து இழுக்க ஒரு நுனிகூட இல்லை. கணக்குப்படி நூற்றுக்கு நூறு.

மெயின் பஜார் டெய்லரிடம் ஒன்று தைத்து எடுத்துப்போய் விரித்துக் காட்டினேன். யாரும் தொடவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துப் பாதுகாப்பைப் பற்றி நீளமாகப் பேசினேன். அஞ்சலை அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, சூட்டைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஏம்மா ஜெனி, இதப் போட்டுகினு ஒண்ணுக்கு எப்படிப் போறது?"

"கழட்டிட்டுதான்."

"மொத்தத்தையுமா?"

"ஆமா…"

"முந்திரித் தோப்புலயா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஆலையில் இருந்தது ஒரே கக்கூஸ், ஆபீஸ் பக்கத்தில். அதன் சாவி முதலாளியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மற்ற பெண்கள் பின்னால் இருக்கும் முந்திரித் தோப்புக்குத்தான் போனார்கள். சேலை என்றால் உட்கார்ந்தாலும் மறைப்பு இருக்கும். பாய்லர் சூட்டில் தோள்வரை உரித்துவிட்டு உட்கார வேண்டும். பெல்ட்டைச் சுற்றி அங்குலம் அங்குலமாக அளந்த நான் தோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாம்பல் லாரிக்காரன் எறக்கக் கூப்புட்டு ஹாரன் அடிச்சான்னா நாங்க எப்படிடி எழுந்து ஓடுவோம்?" என்று இன்னொரு குரல். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சூட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

கேட்டு வாங்கியது

மறுநாள் நோட்டை மூடிவிட்டு வாயைத் திறந்தேன். என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டேன், சொன்னார்கள். பேன்ட்டும் சட்டையும் தனித்தனியாக வேண்டும். சட்டை முட்டிக்குக் கொஞ்சம் மேல்வரை வர வேண்டும். இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. என் பங்குக்கு, சாதா பட்டனுக்குப் பதில் அழுத்தினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன் வைக்கச் சொன்னேன்; எதிலாவது மாட்டி இழுத்தால் பட்டென்று திறந்துகொள்ளும்.

நிறம் மட்டும் பஞ்சாயத்தானது. அழுக்கு தெரியாது என்று நான் சாம்பல் நிறம் சொன்னேன்.

"நாள் பூரா சாம்பல்ல கெடக்கறோம், துணியும் சாம்பலா? கத்தரிப்பூ கலர்ல எடு" என்றார் அக்கா.

யோசித்தால் அதுதான் சரி. சாம்பல் புழுதியில் சாம்பல் சட்டை கண்ணுக்கே தெரியாது. கத்தரிப்பூ நிறம் என்றால் பிரஸ் ஆபரேட்டருக்குத் தூரத்திலிருந்தே ஆள் இருப்பது தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முதலாளியிடம் போனேன்.

"சார், டிரஸ் ரெடி ஆயிடும். ஒரு ரூமும் கக்கூஸும் வேணும்."

"துணிக்கு ஒத்துக்கிட்டா கட்டடம் கேக்கறியா? இவ்ளோ நாளா போவாமயா இருந்தாங்க?"

"போனாங்க சார், சேல கட்டிகினு. நீங்கதான சேல கூடாதுன்னீங்க? சேலய எடுத்தா அவங்க மறைப்பையும் எடுத்த மாதிரிதான். அதுவுமில்லாம வூட்டுலேர்ந்து சேலயிலதான் வருவாங்க. மாத்தறதுக்கு எடம்?"

அவர் ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தார். வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"மூல ஒடஞ்ச கல்லு எவ்ளோ கெடக்கு?" என்றார்.

விற்க முடியாமல் ஒதுக்கிய கற்கள் மலையாகக் கிடந்தன. அவற்றை வைத்தே அறையும் கக்கூஸும் கட்ட ஒரு கொத்தனார் வந்தார். கல் எடுத்துக் கொடுத்தது மெஷின் செட்டு. கதவு மாட்டியதும் அஞ்சலை அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார், திறந்தார், மறுபடி போட்டார். "நாம அடிச்ச கல்லு, நமக்கே வூடு கட்டியிருக்கு" என்றார். நான் டிப்ளமோ சர்ட்டிஃபிகேட் வாங்கிய அன்றுகூட அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.

மஞ்சள் கோடு

முதல் நாள் அவர்கள் புதுப் பேன்ட் சட்டையில் அறையிலிருந்து வரிசையாக வெளியே வந்தார்கள். கூந்தல் கொண்டையாகி, கொண்டை தொப்பிக்குள் போயிருந்தது. லோடு ஏற்றும் குமார் சும்மா இருப்பானா?

"இன்னாக்கா, பஸ் ஓட்டக் கெளம்பிட்டியா?"

"ஆமாடா, மொதல்ல ஒம்மேலதான் ஏத்தப் போறேன். தள்ளி நில்லு."

பெல்ட்டைச் சுற்றி நான் மஞ்சள் கோடு போட்டிருந்தேன். தொங்குகிற துணியோடு கோட்டைத் தாண்டக் கூடாது. அதுதான் ரூல், அதைக் காப்பது அஞ்சலை அக்கா. கிண்டல் செய்தபடியே குமார் உள்ளே காலை வைத்தான். அவன் மடித்துக் கட்டிய லுங்கியை அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

"டேய், லுங்கி துணியில்லையா? வெளிய போ."

குமார் முதலாளியைப் பார்த்தான். புது யூனிஃபார்மைப் பார்க்க அவர் வந்துகொண்டிருந்தார். அதே வெள்ளை வேட்டி, காற்றில் படபடத்தது. அக்காவின் கை மெதுவாக உயர்ந்தது.

"சார், கோட்டத் தாண்டாதீங்க. வேட்டிங்க அது."

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், ஓரடி பின்னால் வைத்து அங்கேயே நின்றார்.

"மெஷின் செட்டு சொன்னா சரிதான்" என்றார். குமாரும் பின்னால் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

தம்பி தங்கைகளே, நான் கற்றது இதுதான். உடுப்புக்கு விதி போடுகிறவர், உடை மாற்றுகிற இடத்தையும் சேர்த்துப் போட வேண்டும். விதி என்றால் வேட்டிக்கும் அதே விதிதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஜார் டெய்லரை ஆலைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். ஆண்களுக்கு அளவெடுக்க வேண்டும். குமாருக்கு நான் எடுத்துவிடுவேன். முதலாளியின் இடுப்பில் டேப் வைக்கிற துணிச்சல் மட்டும் இன்னும் வரவில்லை. அதை அஞ்சலை அக்காவிடம் விட்டிருக்கிறேன்.