சுகம் பெற்ற தபீதாள்

சித்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்த தபீதாளுக்குச் சபையில் சுகம் பெற்ற தபீதாள் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவளைக் கட்டிப்போட்டது.

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்குத் தீராத இடுப்பு வலி. எழுபத்தாறாம் வருஷத்துக் கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் வியாதிக்காரர்களுக்காக ஜெபித்தபோது, வலி நிஜமாகவே நின்றது. தனக்காக அத்தனை பேர் அழுததில் உடம்பு இளகிப்போயிற்று. வலி போய்விட்டது என்று எழுந்து சாட்சி சொன்னாள். குனிந்து தரையைத் தொட்டும் காட்டினாள். பந்தல் முழுவதும் அல்லேலூயா என்றது. அந்த வாரம் முடிவதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது. சொன்ன சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவது?

சுகம் பெற்றவர்கள் வருஷந்தோறும் அறுப்பின் பண்டிகையில் எழுந்து அதே சாட்சியைச் சொல்வது அந்தச் சபையின் வழக்கம். தபீதாளும் எழுந்தாள், குனிந்து காட்டினாள், வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சபைக் கோயிலில் மணி அடிக்கும் வேலையிலிருந்த அவள் புருஷன் கிருபானந்தத்துக்கு இதைவிடப் பெருமை வேறில்லை. விசுவாசம் குறைந்தால் பெற்ற சுகமும் போய்விடும் என்று அவன் மற்றவர்களிடம் சொல்வதை அவள் கேட்டிருந்தாள். அதனால் அவனிடமும் வாய் திறக்கவில்லை.

விடுதியில் குழம்புத் தவலையை இறக்கும்போதெல்லாம் சிரிப்பாள். கூடச் சமைக்கும் ஜெயம்மா ஒருநாள் கேட்டே விட்டாள்: "இன்னாக்கா, தவலையப் பாத்தாவே சிரிக்கிற? உள்ள மாப்ள குந்திக்கினுகிறானா?"

எண்பத்திரண்டில், வடமாலபேட்டையில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தாட்சாயணி படம் எடுத்துப் பார்த்தார். ஆபரேஷனால் தீருகிற வலி இல்லை, முழுசாகப் போகிற வலியும் இல்லை என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். பிறகு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார். வலி உச்சத்தில் இருக்கும்போது அவள் என்ன செய்வாள்?

"சிரிப்பேங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, காரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினார். பிறகு யோசனை சொன்னார்: வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே உட்கார வேண்டும். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து மறுநாள் விழக்கூடாது. துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். வலி ஏறும்போது மூச்சை மெதுவாக விட்டுத் தோளைத் தளர்த்த வேண்டும். இதெல்லாம் தபீதாளுக்குப் புரிந்தது. கடைசியாகச் சொன்னதுதான் தூக்கிவாரிப்போட்டது.

"வலிய மறைக்கிறதுக்கே உன் உடம்பு பூரா இறுகிப்போயிருக்குதம்மா. வீட்ல சொல்லு."

மூச்சு விடுவது கொஞ்சம் உதவியது. உட்காருவதுதான் முடியவில்லை. சுகம் பெற்றவள் எதற்காக உட்காருகிறாள் என்று கேட்பார்களே! யாராவது வரும் சத்தம் கேட்டாலே துள்ளி எழுவாள். அந்தத் துள்ளலில் இடுப்பு வெட்டும். வழி தெரியாமல் தவித்ததைவிட, தெரிந்தும் நடக்க முடியாமல் நிற்பது கொடுமையாக இருந்தது. தான் பொய்க்காரியா? அப்படியானால் அன்று நின்ற வலியும் பொய்யா?

அந்த வருஷப் பண்டிகைக்கு முந்தின வாரம் புருஷனிடம் சொன்னாள். கிருபானந்தம் கோபப்படவில்லை, பயந்துபோனான். அவள் சாட்சியைக் கேள்விப்பட்டு, விஜயபுரத்திலிருந்து ரத்னம்மா என்ற மூட்டுவலிக்காரி வருகிறாளாம்.

"இந்த ஒரு வருசம் சொல்லிடு தபீதா. உன்ன நம்பி அந்தம்மா மாத்திரையக்கூட நிறுத்திட்ச்சாம்."

அதைக் கேட்ட பிறகு, அவளால் இன்னொரு முறை அந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது என்றாகிவிட்டது.

பண்டிகையன்று நெல்லும் வேர்க்கடலையும் பூசணிக்காயும் பீடத்தின் முன் குவிந்திருந்தன. போதகர் பெயர் சொல்லி அழைத்தார். தபீதாள் முன்னே போனாள். முன்வரிசையில் ரத்னம்மா வீங்கிய விரல்களைக் கோத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அவள் குனிவதற்காக எல்லோரும் காத்திருந்தபோது, தபீதாள் பீடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கி வலி நின்னது நெசம். அப்பால திரும்பி வந்துட்ச்சி. இத்தினி வருசமா வலிச்சிக்கினேதான் கீது. நீ மாத்திரைய நிறுத்தாதம்மா."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பாள். போதகர் இறங்கி வந்து, நம் சகோதரி சோர்ந்துபோயிருக்கிறாள், மறுபடியும் ஜெபிப்போம் என்றார். சபையே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. தலையில், தோளில், முதுகில் கைகள். அவற்றில் கிருபானந்தத்தின் கையும் இருந்தது. உண்மையான அன்புதான். அதனாலேயே உதறவும் முடியவில்லை. காற்று வர வழியில்லை.

ஜெபம் முடிந்தது. கைகள் விலகவில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக விட்டுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"எழுந்திரு தபீதா," என்றான் கிருபானந்தம், கெஞ்சும் குரலில்.

"இல்லங்க, இடுப்பு வலிக்குது," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கினுகிறேன்."