காலித் துப்பாக்கி

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். ராசிபுரம் பக்கம் ஒரு நிலையத்தில் நான் புகார் கொடுக்கக் காத்திருந்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கியோடு ஒரு பெரியவர் வந்தார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி வராமல் காவல் இருக்கிறவர். நடக்கும்போதும் குழாயின் முனை தரையைப் பார்த்தே இருந்தது.

அதைப் பிரித்து வாங்கிய இளம் போலீஸ்காரர், விளையாட்டாக என் நெஞ்சுக்குக் குறி வைத்தார். பெரியவர் பாய்ந்து குழாயைக் கீழே அழுத்தினார்.

"காலிதானே, பெரியவரே?"

"நான் பார்த்தேனுங்க. நீங்க இன்னும் பார்க்கலீங்களே."

போலீஸ்காரர் துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்க்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"ஓட்டு எண்ணுற வரைக்கும் துப்பாக்கி இங்கேயே கிடக்குமே, பன்னி கிழங்கைத் தின்னுடாதுங்களா?" என்று கேட்டேன்.

"தின்னுட்டுப் போகுதுங்க. கெழங்கு மறுபடியும் மொளைக்கும்."

என் நெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.