நாற்பத்தொரு கோடுகள்

2014 மார்ச் 8, சனிக்கிழமை. அதிகாலை மூன்று இருபதுக்கு எழுந்தேன். குளித்தேன். முதல் நாள் பாணில் இரண்டு துண்டு, சீனிச்சம்பலுடன். நான்கு பத்துக்குச் சந்தியில் கொழும்பு பஸ். பையில் கட்டுரையின் இரண்டு பிரதிகளும், பன்னிரண்டு வயதில் நான் எழுதிய நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் இருந்தன. அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அந்தக் கொப்பி இப்போதும் என் மேசை லாச்சியில், வலது பக்கத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் நானும் என் நண்பரும் சனிக்கிழமைதோறும் கொழும்புக்குப் போய் மெய்யியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். நான் அலுவலக எழுதுவினைஞன். அவர் கணித ஆசிரியர். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்திறங்கி, ஆலங்குடாவில் எங்கள் தென்னந்தோட்டத்தில் கிடுகுக் கொட்டில் போட்ட குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை. போர் முடிந்து ஐந்தாண்டு ஆகியும் ஊர் திரும்புவதா, இருப்பதா என்று அவர் முடிவெடுத்திருக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவருடையது, பக்கத்து இருக்கை என்னுடையது. அவர் பாடத்தை வாசிப்பார். நான் இலக்கமிட்டுக் குறிப்பெடுப்பேன். “இலக்கம் போடாட்டி நீ அல்லாஹ்வையும் நம்ப மாட்டாய் போல” என்பார். நடத்துநருக்கு நாங்கள் நல்ல பொழுதுபோக்கு.

“இவ்வளவு படிச்சும் ஆலங்குடாவிலதானே இறங்கப் போறீங்க?” என்று ஒருநாள் கேட்டார்.

“ஓம் தம்பி. ஆனா ஏன் இறங்குறம் எண்டு தெரிஞ்சு இறங்குவம்” என்றார் நண்பர்.

அன்றைய வகுப்பு கடமையைப் பற்றியது. இரக்கத்தாலோ பயனுக்காகவோ அல்லாமல், கடமை என்பதற்காகவே செய்யப்படும் செயலுக்குத்தான் ஒழுக்க மதிப்பு உண்டா என்பது கேள்வி. நான் என் கொப்பியை உதாரணமாக வைத்து எழுதியிருந்தேன். சுற்றுவட்டத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் உப்பில்லாதது. எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமென்று, கொட்டில் குடும்பம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் என வாப்பா சட்டம் வைத்தார். கணக்குப் பார்க்க என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்தார். ஒரு குடத்துக்கு ஒரு கோடு; எது யாருடையது என்பது அன்றன்று என் நினைவில் மட்டும். 1990 நவம்பர் 14: நாற்பத்தொரு கோடுகள். எனக்கு அவர்கள்மேல் இரக்கமும் இல்லை, எரிச்சலும் இல்லை, சட்டத்துக்காகவே செய்தேன், ஆகவே இது தூய கடமை என்று வாசித்து முடித்தேன். விரிவுரையாளர் அம்மையார் கொப்பியை வாங்கிப் பார்த்து, இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த வகுப்பில் வந்ததில்லை என்றார். நண்பர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

திரும்பும்போது அவர் பஸ்ஸின் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார். ஒன்றரை ஆண்டில் அதுவே முதல் தடவை. “என்ன, தத்துவம் ரெண்டாப் பிரிஞ்சு போச்சா?” என்று நடத்துநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இல்லாமல் நான் அந்தப் படிப்பை முடிக்க மாட்டேன். அவர் இல்லாத சனிக்கிழமையை என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியாது. என்ன பிழை செய்தேன் என்பதும் அப்போது விளங்கவில்லை. சிலாபம் கழிந்த பிறகு நண்பர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கொப்பியத் தா.” விரலால் கோடுகளைத் தடவினார். “இதில எங்கட உம்மா எந்தக் கோடு?”

“அது தெரியாதே மச்சான்.”

“ரெண்டு கோடு உம்மாட. மூணாவது தரம் வந்தாங்க. தங்கச்சிக்குக் காய்ச்சல், உடம்பு துடைக்கத் தண்ணி வேணும். நீ கொப்பியத் திருப்பிக் காட்டினாய். உங்கட ரெண்டும் முடிஞ்சிது எண்டாய்.”

“எனக்கு ஞாபகமில்ல.”

“உனக்கு எப்பிடி இரிக்கும்? வெறுங்குடத்தத் தூக்கிட்டு வந்தது நான்.” கொப்பியை மூடி என் மடியில் வைத்தார். “அப்ப நீ சின்னப் புள்ள. அதில எனக்குக் கோவமில்ல. இண்டைக்கு வாசிச்சியே, அதுக்குத்தான். எங்கள உதாரணமாக்கிட்டாய். உதாரணத்துக்குத் தாகமெடுக்காது மச்சான்.”

வீடு வந்ததும் பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். 2006இல் அவருடைய உம்மா இறந்த நாளைத் தேடினேன். “நண்பரின் உம்மாவின் ஜனாஸா. அஸருக்குப் பின் அடக்கம். மழை இல்லை.” சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன். மழை பெய்யாததைக் கூட எழுதியிருக்கிறேன். பெயர் இல்லை. அது எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் இன்னாரின் உம்மா.

அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறொன்று எழுதினேன். புள்ளிகள் குறைந்தன. நண்பர் இப்போது மன்னாரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தொலைபேசியில் வருவார். “எண்டாலும் வாதம் முந்தினதுதான் திறம்” என்று இன்றைக்கும் சொல்வார். சனிக்கிழமைகளில் நான் இப்போது சும்மா இருக்கிறேன். மூன்று இருபதுக்கு மட்டும் விழிப்பு வந்துவிடுகிறது. சில நாட்களில் லாச்சியைத் திறந்து கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். கோடுகள் பென்சிலில், மங்கிப் போயிருக்கின்றன. அடியில் உள்ள வரி மட்டும் பேனாவில்.

அது மறுநாள் எழுதியது. மார்ச் 9, ஞாயிறு. சுபஹு தொழுததும், தேத்தண்ணீர் குடிக்காமல், நாட்குறிப்பைத் திறக்காமல் முதல் வேலையாக அவர் வீட்டுக்கு நடந்தேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

“உம்மாட பேர் என்ன?”

விளக்குமாற்றோடு நின்றார். “இவ்வளவு காலமும் தெரியாதா?”

“தெரியாது.”

உள்ளே போய் ஒரு கோப்பை பிளேன்ரீயோடு வந்தார். “குடி. எங்கட வீட்டுச் சட்டம் ஆளுக்கு ஒரு கப்தான், பிறகு கேக்காத. கொப்பி கொண்டு வந்தியா?”

கொண்டுபோயிருந்தேன். படிவம் நிரப்புகிறவனுக்குச் சொல்வதுபோல் பெயரை மெதுவாகச் சொன்னார். நாற்பத்தொரு கோடுகளுக்குக் கீழே எழுதினேன். குனிந்து பார்த்தார்.

“மூணாவது குடம், குடுக்கல்ல எண்டும் போடு.”

போட்டேன்.