நடீனின் வெள்ளைப் பல்லிகள்

ஒஹாயோவில் எங்கள் ஊர் மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நடீன் புரூயிட். வீட்டின் பின்னறையில் சிறுத்தைப் பல்லிகள் வளர்த்தாள், சிறுத்தை போலப் புள்ளி உள்ள, செல்லமாக வளர்க்கும் பல்லிகள். அவற்றுக்குப் புழு கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். இருபத்திரண்டு வருடமாக ஒரே அல்பினோ வம்சத்தைக் கலப்பில்லாமல் காத்து வந்தாள். உடம்பில் கறுப்பே இல்லாத, பால்கோவா நிறப் பல்லிகள். ஒவ்வொன்றுக்கும் தாய் யார், தகப்பன் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். பல்லி வளர்ப்பவர்களின் கண்காட்சிகளில் அவள் சொன்னால் சொன்னதுதான். யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

ஒரு டிசம்பரில் அவளிடமிருந்த ஒரே ஆண் பல்லி செத்துப்போனது. பெண்கள் ஒன்பது இருந்தன. விஷயம் தெரிந்ததும் கஸ் மார்சாக் தன் ஆண் அல்பினோவைத் தயிர் டப்பாவில் போட்டு, குளிர் படாமல் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நடீன் வீடுதான்.

அல்பினோவில் மூன்று வகை உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கறுப்பை வரவிடாமல் செய்யும் பரம்பரைப் பழுது ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில். அதனால் நடீன் இரண்டு தடவை கேட்டாள், இது எந்த வகை என்று.

"உன்னோட வகைதான். எனக்குத் தெரியாதா?" என்றான் கஸ்.

அவள் நம்பினாள். ஒன்பது பெண்களோடும் அந்த ஆணைச் சேர்த்தாள்.

முதல் முட்டை ஏப்ரலில் பொரிந்தது. அன்று நான் புழுவோடு போயிருந்தேன். அடைகாப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குஞ்சின் முதுகில் கன்னங்கறுப்பில் பட்டைகள். சற்று நேரத்தில் அதோடு சேர்த்து இட்ட ஜோடி முட்டையும் விரிந்தது. அதிலும் கறுப்பு.

"கஸ் கொண்டுவந்தவன் வேற வகை," என்றாள் மெதுவாக. "என் பல்லிங்ககிட்ட பழுதா இருக்கறது அவன்கிட்ட நல்லா இருக்கு. அவன்கிட்ட பழுதானது இதுங்ககிட்ட நல்லா இருக்கு. ரெண்டும் சேந்ததும் கறுப்பு திரும்பிடுச்சு."

பெட்டியில் இன்னும் முப்பத்தொரு முட்டைகள் இருந்தன. என்ன வரும் என்று தெரிந்தே அத்தனையையும் பொரிய விட்டாள். எல்லாம் கறுப்புப் பட்டைதான். கொழுகொழுவென்று நல்ல ஆரோக்கியமான குஞ்சுகள். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வகையும் ஒளிந்திருந்தன. இவற்றை இனம் சேர்த்தால் பேரன் பேத்திகளில் வெள்ளை வரும். அது எந்த வகை வெள்ளை என்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கஸ்ஸுக்கு அவள் போன் செய்யவில்லை. யார் சொல்லியோ தெரிந்துகொண்டு மே மாதம் அவனாகவே வந்தான். சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், உட்காரவில்லை.

"எனக்குத் தெரியாது நடீன். வித்தவன் அல்பினோன்னான், வாங்கிட்டேன். எந்த வகைன்னு கேக்கவே இல்ல."

"அப்போ தெரியாதுன்னு சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா நீ வேற ஆள்கிட்ட வாங்கியிருப்ப."

"வாங்கியிருப்பேன்தான்."

"இத்தனை வருஷத்துல உனக்கு நான் ஒண்ணும் செஞ்சதில்ல. இதாவது செய்யலாம்னு பாத்தேன்."

 நடீன் குழாயைத் திறந்து தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தாள். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

குஞ்சுகளை அவள் விற்கவில்லை. வளர்க்க மட்டும், இனம் சேர்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் ஒருவர் இணையத்தில் ஒரு வெள்ளைக் குஞ்சின் படத்தைப் போட்டு, நடீன் புரூயிட் வம்சம் என்று பெருமையாக எழுதியிருந்தார். அந்தக் குஞ்சோடு பிறந்தவை அதற்குள் நாலைந்து கை மாறியிருந்தன. அடுத்த கண்காட்சியில் ஓர் இளைஞன் அவள் மேசை முன் வந்து, உங்களுடையது நிஜமாகவே சுத்தமான வகைதானா என்று மரியாதையாகத்தான் கேட்டான். அவள் மத்தியானமே மேசையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பிறகு எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை.

கஸ் கென்டக்கியில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டான். கிளம்பும் முன் தேவாலயத்தில் காபி விருந்து வைத்தார்கள். நடீனுக்கு அன்று விடுமுறைதான். வேறொருத்தியின் வேலை முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சலவைக்குப் போனாள்.

ஒன்பது பெண்களில் ஐந்து இன்னும் இருக்கின்றன. வசந்தத்தில் கருவில்லாத முட்டைகள் இடும், மஞ்சளாகச் சுருங்கிப்போனவை. அவள் எடுத்துக் குப்பையில் போடுவாள். வேறு நல்ல ஆணாகப் பார்த்து வாங்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு சொல்றதை நம்பி வாங்குறது?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் ஒரு பெயர் கேட்பதுபோல இருந்தது.