மடைக்கல்லுக்குப் பக்கத்தில் அடித்த விரால்

பேய், ஜின்னு, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் நான் தையல் மெஷினை ஓங்கி மிதிக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தச் சத்தத்தில் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரி புளியமரத்தில் எதையோ பார்த்துவிட்டேன் என்று காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, "ஏட்டி, மொதல்ல ரத்தத்தச் சோதிச்சுப் பாரு, டெங்குவா இருக்கும்" என்று சொன்னவள் நான்தான். டெங்குதான் அது. அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். ராத்திரியில் நடந்திருந்தால் இருட்டு, பயம், கண் மயக்கம் என்று நானே எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இது பங்குனி மாதத்து நடுமத்தியானத்தில், கரை நிறைய ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது.

என் வீட்டுக்காரர் காதர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். நான் வீட்டில் இருந்தபடியே தளவாய்புரம் கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வீட்டில் இருக்கமாட்டார். தூண்டில் ராடு, ரீலு, விராலுக்கு இரையாகப் போடும் ரப்பர் தவளை, தொப்பி என்று ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போய்விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ராடுதான் எனக்குச் சக்களத்தி. அவர் தூண்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் சத்தியமாகக் காது கொடுத்ததே இல்லை. அந்த ராடை நான் தொட்டதும் இல்லை, பீரோவுக்குப் பின்னால் பெருக்கும்போது விளக்குமாற்றால் தள்ளிவிடுவதைத் தவிர. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்கட்டு. உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியாக டியூப் போட்டுக் கஞ்சி ஊற்றினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது, இவரால் விழுங்க முடியும், இவர்தான் விழுங்கமாட்டேன் என்கிறார் என்றார். இப்படியே போனால் வயிற்றில் ஓட்டை போட்டு டியூப் வைக்க வேண்டும், அடுத்த தடவை வரும்போது முடிவு பண்ணிவிடலாம் என்றும் சொன்னார். ரசம் சோறு குழைத்துக் கொடுத்தேன், பிரியாணியை மசித்துக் கொடுத்தேன், பால்கோவாகூடக் கொடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணை மட்டும் பீரோ பக்கம் திருப்புவார். இவர் வாழ ஆசைப்படவில்லையோ என்று எனக்கு வந்த பயம் இருக்கிறதே, அதை என் விரோதிக்கும் அல்லா கொடுக்க வேண்டாம்.

பீரோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டுக்குப் போய் விரால் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். மணம் வந்ததும் மூக்கு விரிந்தது. ஒரு வாய் நாக்கில் வைத்தேன், துப்பிவிட்டார். பண்ணை மீன். அவர் நன்றாக இருந்த காலத்திலேயே பண்ணை விராலைச் சைக்கிள் டயர் என்றுதான் சொல்வார். கண்மாய் விரால்தான் வேண்டும். அவருடைய தூண்டில் கூட்டாளி சீனி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, ஒரு மாசமா விராலே அடிக்கல. வெறும் ஜிலேபிக் கெண்டதான் ஏறுது. கெடச்சா மொதல்ல காதருக்குத்தான், நாங் கொண்டாரேன்" என்றார்.

ஒரு ஞாயிறு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் என் நாத்தனார் மும்தாஜை அவருக்குக் காவல் உட்கார வைத்துவிட்டு, ராடை எடுத்து ஸ்கூட்டியில் கட்டினேன். "மதினி, ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள். "ஆமா, புடிச்சிருச்சு. அவியளப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்தக் கண்மாய் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே அம்புட்டுப் பேரும் வந்து நின்றுவிடுவீர்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்தபடி இருக்கிறது, அவ்வளவு போதும்.

கரையில் நான் ஸ்டாண்டு போட்டு இறங்கியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முக்காடு போட்ட பொம்பளை கையில் தூண்டில். யாரோ ஒருவன், "யக்கா, மீன் மார்க்கெட்டு அந்தப் பக்கம்" என்றான். முதல் வீச்சில் ரப்பர் தவளை எனக்குப் பின்னால் இருந்த கருவேல மரத்தில் போய்த் தொங்கியது. அடுத்த வீச்சில் என் முக்காட்டையே பிடித்துக்கொண்டது. கரையே சிரித்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சீனி அண்ணன் ஓடிவந்து சிக்கலை எடுத்துவிட்டு, தூண்டில் நரம்பை வலது ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொள்ள வேண்டும், வீசும்போது விரலை விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

வெயில் உச்சிக்கு ஏறியது. என் வீச்சு மரத்துக்குப் போகாமல் தண்ணீருக்குப் போக ஆரம்பித்தது, ஆனால் நாலடி தூரத்தில் சொத்தென்று விழுந்தது. மற்றவர்கள் மர நிழலுக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார்கள். அப்போதுதான் சீனி அண்ணன் கையைக் காட்டினார்.

"தங்கச்சி, அந்தா பாரு, ஆகாயத்தாமரைக்கு இந்தப் பக்கம் தண்ணி செவப்பாக் கொதிக்குதுல்லா?"

பார்த்தேன். மிளகாய்த்தூளைத் தூவிவிட்ட மாதிரி ஒரு கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனது.

"அம்புட்டும் விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழயே காவலுக்கு நிக்கும். பக்கத்துல எது விழுந்தாலும் கோவத்துல கட்டாயம் அடிக்கும். நீ போடு."

இவ்வளவு லேசாக இருந்தால் இத்தனை ஞாயிறும் ஏன் நீங்கள் போடவில்லை என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். தாயைப் பிடித்தால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும், அதனால் தூண்டில்காரர்கள் யாரும் அங்கே போடமாட்டார்கள், அது கரையில் ஒரு கட்டுப்பாடு என்றார். "ஆனா காதருக்காக ஒரு தடவ போட்டா தப்பில்ல. நாங் கண்ண மூடிக்கிடுதேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தக் குஞ்சுகள்மேல் இரக்கமே வரவில்லை. படுக்கையில் கிடக்கிற என் மனுஷன்தான் என் கண்முன்னால் நின்றார். பிஸ்மில்லா சொல்லி, அந்தச் சிவப்பைக் குறிவைத்து வீசினேன். தவளை போகவில்லை. என் விரல் நரம்பை விடவில்லை. நான் விடு என்று நினைக்கிறேன், விரல் விடமாட்டேன் என்கிறது. மறுபடி வீசினேன். இந்தத் தடவையும் விரல் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிக்கொண்டது. சுளுக்கு என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து இடது கையால் அந்த விரலைப் பிரித்துவிட்டேன். சாதாரணமாகப் பிரிந்தது. குஞ்சுப் பக்கம் திரும்பியதும் மறுபடி பூட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் தூரத்துப் பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. என் உடம்பு தானாக இடது பக்கம் திரும்பியது. அங்கே பாதி முங்கிய பழைய மடைக்கல் ஒன்று நிற்கும். அடியில் முள்ளும் கம்பியும் கிடப்பதால் நரம்பு மாட்டும் என்று யாரும் அந்தப் பக்கமே போடமாட்டார்களாம். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. என் மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டியது. தவளை பறந்துபோய்க் கல்லில் பட்டு, அதிலிருந்து வழுக்கிச் சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது. கரையில் சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வாயில் சோற்றோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

கை தவளையைக் கொஞ்சம் இழுக்கிறது, நிறுத்துகிறது, நடுக்குகிறது, மறுபடி இழுக்கிறது. நான் வேடிக்கைதான் பார்க்கிறேன். மெஷினில் பழகிய தையல்காரிக்குக் கையும் காலும் யோசிக்காமல் வேலை செய்யும், தெரியும். ஆனால் அது நான் பழகிய வேலை. இது யார் பழகிய வேலை?

பளார் என்று தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணோம். "இழு, இழு" என்று என் மனசு கத்துகிறது, கரையில் ஒருவனும் கத்துகிறான். கை இழுக்கவில்லை. ராடைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நிற்கிறது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு மீன் தவளையைக் கவ்விக்கொண்டு போக, நரம்பு மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தது பாருங்கள், அப்போது வெட்டி மேலே தூக்கியது என் கை. ராடு வில்லாக வளைந்துவிட்டது. அந்த வெட்டோடு கை என்னுடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுக்க நான் போட்டது, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. செருப்பு சேற்றில் போனது, முக்காடு போனது, முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கிவிட்டேன். "விட்ராத தங்கச்சி, விட்ராத!" என்று சீனி அண்ணன் சட்டையோடு பாய்ந்து செவுளில் கைவிட்டுத் தூக்கினார்.

என் கை நீளம் இருந்தது. கரி மாதிரி முதுகும் வெள்ளை வயிறுமாக, ஒரு கைக்குழந்தைக் கனம். மார்க்கெட்டுக்கு வழி சொன்னவன் வந்து, "யக்கா, ஒரு செல்பி" என்றான். "மார்க்கெட்டு அந்தப் பக்கம்டா தம்பி" என்று கையைக் காட்டினேன். எல்லோரும் விசில் அடித்தார்கள். ஸ்கூட்டியின் முன்னால் வயர்கூடையில் வால் வெளியே ஆடிக்கொண்டிருக்க, டீக்கடை, மில் கேட்டு, எங்கள் தெரு என்று வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். வெட்கமாவது ஒன்றாவது, அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு.

வாசலிலேயே மும்தாஜ் அழுதுகொண்டு நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அண்ணே கை அசைஞ்சுது, சோத்துக்கை!" என்றாள்.

"எப்பம்?"

"பாங்குக்குக் கொஞ்சம் முந்தி. வெரல இறுக்கி மூடிக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாவ. பாங்கு சொல்லவும் கைய ஒரு பக்கமா சுண்டினாவ. செத்த நேரம் அப்படியே கெடந்துச்சு. நான் தூக்கம்னு நெனச்சேன். திடீர்னு வெடுக்குனு மேல தூக்கினாவ. டியூப்பு கழண்டிருக்கும், நாந்தான் புடிச்சேன்."

நான் இன்னும் அவளிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

குழம்பு வைத்தேன். விராலில் முள் குறைவுதான், ஆனாலும் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு மசித்து, ஒரு வாய் வைத்தேன். மனுஷன் கண்ணை மூடி மென்றார். விழுங்கினார். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். மும்தாஜும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு அழுகிறோம், சிரிக்கிறோம். கிண்ணம் காலியானதும் அவர் என்னையே பார்த்தார். உதடு கோணிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு வந்தது.

"குஞ்சு… பக்கத்துல… போடலேல்லா?"

கிண்ணம் என் கையிலிருந்து விழுந்து உருண்டது. சீனி அண்ணனுக்குப் போன் போட்டு நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் இன்னும் கண்மாய்க்கரையில்தான் இருந்தார், யாரிடமும் மூச்சுவிடவில்லை என்றார்.

டாக்டர் மூக்கு டியூப்பை எடுத்துவிட்டார். வயிற்றில் ஓட்டை போடும் பேச்சே எழவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் கைக்கு உணர்வு திரும்புகிற நேரமும் நீங்கள் மீன் பிடித்த நேரமும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கும் என்றார். ஒத்துப்போகட்டும், எனக்கு என் மனுஷன் கிடைத்தார். இப்போது மறுபடியும் மில்லுக்குப் போகிறார், லேசாகக் காலை இழுத்து நடப்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மறுபடியும் அதே மூட்டை. நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது என் வலது மணிக்கட்டு வெடுக்கென்று சுண்டும். உடனே புளியை ஊறப் போட்டுவிடுவேன். அப்படிச் சுண்டிய நாளில் அவர் வெறுங்கையோடு வந்ததே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லித் தெருவில் எனக்குப் பெருமையோ பெருமை.

போன மாதம்வரை அப்படித்தான் இருந்தது. போன மாதம் ஒரு மத்தியானம் அவர் காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு என் மெஷினுக்குப் பக்கத்திலேயே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு நைட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். பாங்கு சொல்ல ஆரம்பித்தது. என் மணிக்கட்டு சுண்டியது. திரும்பிப் பார்த்தேன். அவர் கை வயிற்றின் மேல் அசையாமல் கிடந்தது. ராடு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. சீனி அண்ணனிடம் கேட்டேன், அன்றைக்குக் கண்மாய்ப் பக்கம் தூண்டில்காரர்கள் ஒருத்தரும் போகவில்லையாம். அப்படியானால் என் கையைச் சுண்டியது யார்?

அந்த நைட்டியைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை, தையலையும் பிரிக்கவில்லை. நேராகப் போய்க்கொண்டிருந்த தையல் இடது பக்கமாக வளைந்து போயிருக்கிறது. பிறகு ஒரே இடத்தில் நின்று குத்துக் குத்தென்று குத்தியிருக்கிறது. அதற்கப்புறம் துணியையே கிழித்துக்கொண்டு மேலே வெட்டி இழுத்திருக்கிறது. பீரோவில்தான் மடித்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.